ஒரே வாரத்தில் முதலிடம்: முதல் நாவலின் வெற்றிக் கதையை நம்பலாமா?

‘கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று?’ என்று நம் முன்னோர் கேட்டு வைத்தார்கள். எழுத்துலகில் இந்த நெய் அடிக்கடி வடிகிறது. நேற்றுவரை யாரும் அறியாத ஒருவரின் முதல் நூல் வெளிவந்த வாரத்திலேயே விற்றுத் தீர்ந்தது, திரைப்படமாகவும் வரப்போகிறது என்று செய்தி வரும். கேட்பவர்களில் பாதிப் பேர் வாயைப் பிளக்கிறார்கள். மீதிப் பேர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். இரு சாராரும் விசாரித்துப் பார்ப்பதில்லை.

இது வெறும் அரட்டைக்குரிய விஷயம் அன்று. எழுத்தில் ஆர்வமுள்ள மகனோ மகளோ இருக்கும் வீட்டில் இப்படிப்பட்ட கதை பெரிய கனவை விதைக்கிறது. கனவு நல்லதுதான். ஆனால் அந்தக் கனவைக் காட்டிக் காசு பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே வியப்பான வெற்றிக் கதையை எப்படி எடைபோடுவது என்பதைத் தெரிந்துகொள்வது எல்லாருக்கும் பயன்தரும். இதற்கு அமெரிக்காவில் 2017ஆம் ஆண்டில் நடந்த சம்பவம் நல்ல பாடம்.

ஒரு நாள் முதலிடம்

‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் வாரந்தோறும் அதிகம் விற்பனையாகும் நூல்களின் பட்டியலை வெளியிடுகிறது. 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் தெரியவந்த பட்டியலில், பதின்ம வயதினருக்கான நாவல்கள் பிரிவில் ‘ஹேண்ட்புக் ஃபார் மார்ட்டல்ஸ்’ என்ற நூல் முதலிடத்தில் இருந்தது. எழுதியவர் லானி சாரெம். இசைக்குழுக்களின் நிர்வாகியாகப் பணியாற்றியவர். இது அவருடைய முதல் நாவல். வெளியிட்டதோ கீக்நேஷன் என்னும் பொழுதுபோக்கு இணையத்தளம். புத்தகப் பதிப்பில் அப்போதுதான் அது அடியெடுத்து வைத்திருந்தது. கதை திரைப்படமாகும், எழுதியவரே அதில் நடிப்பார் என்றும் அறிவிப்பு வந்தது.

பதின்ம வயதினருக்காக எழுதுவோர், நூலகர்கள், கடைக்காரர்கள் ஆகியோரின் உலகம் சிறியது. எந்த நூல் பேசப்படுகிறது, எது கைமாறுகிறது என்பது அங்கே ஒருவருக்கொருவர் தெரிந்துவிடும். ஆனால் இந்த நூலை அவர்களில் யாரும் பார்த்திருக்கவில்லை. ஃபில் ஸ்டாம்பர் என்னும் எழுத்தாளர் முதலில் வெளிப்படையாகச் சந்தேகம் எழுப்பினார். நூல் அமேசானில்கூட இருப்பில் இல்லை. பிறகு எப்படி நாட்டிலேயே அதிகம் விற்றது?

அதன் பிறகு புத்தகக் கடைகளில் பணிபுரிவோர் ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினார்கள். கடைகளுக்குத் தொலைபேசி அழைப்பு வந்திருக்கிறது. “உங்கள் கடையின் விற்பனைக் கணக்கு நியூயார்க் டைம்ஸ் பட்டியலுக்குப் போகிறதா?” என்பதே முதல் கேள்வி. ஆம் என்று பதில் வந்தால், அந்த நூலின் பிரதிகளை மொத்தமாக வாங்க ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். புத்தகம் வாங்குகிறவர், நூல் இருக்கிறதா, என்ன விலை என்றுதான் கேட்பார். விற்பனைக் கணக்கு எங்கே போகிறது என்று கேட்பவருக்கு வேறு நோக்கம் இருக்க வேண்டும் அல்லவா?

அன்றைய தினமே நாளிதழ் தன் பட்டியலைத் திருத்தியது. விற்பனைத் தகவலில் முரண்பாடுகள் இருந்ததாகவும், நூல் பட்டியலுக்குரிய தகுதியைப் பெறவில்லை என்றும் அறிவித்து அதை நீக்கியது. தவறு எதுவும் செய்யவில்லை என்று சாரெம் மறுத்தார். ரசிகர் மாநாடுகள் போன்ற நிகழ்ச்சிகளில் விற்பதற்காகவே நூல்கள் மொத்தமாக வாங்கப்பட்டன என்பது அவர் தரப்பு விளக்கம். தன் நூலைத் தானே வாங்குவது சட்டப்படி குற்றமன்று. ஆனால் பட்டியலைப் பார்க்கும் வாசகர், பலர் தனித்தனியே விரும்பி வாங்கிய நூல் இது என்று எண்ணிக்கொள்கிறார். அந்த எண்ணம் பொய்யாகிவிடுகிறது.

பட்டியல் எப்படித் தயாராகிறது?

விற்பனையான ஒவ்வொரு பிரதியையும் எண்ணி இந்தப் பட்டியல் தயாரிக்கப்படுவதில்லை. தேர்ந்தெடுத்த கடைகள் வாரந்தோறும் தங்கள் கணக்கை அனுப்புகின்றன; அதை வைத்து நாளிதழ் மதிப்பிடுகிறது. எந்தெந்தக் கடைகள் என்பதை அது வெளியிடுவதில்லை. தெரிந்தால் அங்கே மட்டும் போய் வாங்கிக் குவித்துவிடுவார்கள் என்பதே காரணம். மொத்தக் கொள்முதல் நடந்திருப்பதாகக் கடைகள் தெரிவித்தால், நூலின் பெயர் அருகே சிறு கத்தி போன்ற குறி இடப்படும். குறிப்பிட்ட கடைகளைத் தேடி அழைப்பு வந்தது ஏன் என்பது இப்போது புரிகிறது.

ஒரு வாரம் பட்டியலில் வருவதால் என்ன இலாபம் என்று கேட்கலாம். ‘நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் இடம்பெற்ற எழுத்தாளர்’ என்ற அடைமொழி ஆயுளுக்கும் கூட வரும். அடுத்த நூலின் அட்டையில் அதைப் போடலாம். திரைப்படத் தயாரிப்பாளரிடம் காட்டலாம். சொற்பொழிவுக்குக் கட்டணம் கூட்டலாம்.

நம் நாட்டு நூல் வெளியீட்டு விழாவிலும் முதல் நூலைப் பெறும் பிரமுகர் பெருந்தொகை வழங்குவது உண்டு. ஆனால் அது அன்பளிப்பு என்று மேடையிலேயே அறிவிக்கப்படுகிறது. கைதட்டும் கூட்டத்தில் யாரும் ஏமாறுவதில்லை. மறைப்பு இல்லாத இடத்தில் மோசடியும் இல்லை.

இல்லாத நூலுக்கு வந்த கிராக்கி

பட்டியலின் மீது சந்தேகம் புதிதல்ல. 1956ஆம் ஆண்டில் நியூயார்க்கின் டபிள்யூ.ஓ.ஆர். வானொலியில் ஜீன் ஷெப்பர்ட் என்ற அறிவிப்பாளர் நள்ளிரவு நிகழ்ச்சி நடத்தி வந்தார். பட்டியலில் இருப்பதே நூல், இல்லாதது நூலே அல்ல என்று நினைக்கும் போக்கு அவருக்கு எரிச்சலூட்டியது. நேயர்களைத் துணைக்கு அழைத்தார். ‘ஐ, லிபர்டீன்’ என்று ஒரு தலைப்பு, ஃபிரெடரிக் ஆர். யூயிங் என்று ஓர் எழுத்தாளர். இரண்டுமே கற்பனை. நேயர்கள் கடை கடையாகப் போய் அந்த நூலைக் கேட்டார்கள். கடைக்காரர்கள் விநியோகஸ்தர்களிடம் விசாரித்தார்கள். எழுதப்படாத நூலைப் படித்துவிட்டதாகச் சொன்னவர்களும் உண்டு! கடைசியில் பாலண்டைன் பதிப்பகம் தியோடர் ஸ்டர்ஜன் என்னும் எழுத்தாளரைக் கொண்டு அந்த நாவலை உண்மையாகவே எழுதி வாங்கி, அதே ஆண்டில் வெளியிட்டது.

இணைய யுகத்தில் வேலை இன்னும் எளிதாகிவிட்டது. 2016ஆம் ஆண்டில் பிரென்ட் அண்டர்வுட் என்ற அமெரிக்க விளம்பரத் துறையாளர் ஒரு சோதனை செய்தார். தன் பாதத்தைப் படம்பிடித்து, அதையே அட்டையாக்கி ஒரு மின்னூலை அமேசானில் ஏற்றினார். உள்ளே சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. போட்டி குறைந்த ஒரு சிறு பிரிவில் அதைச் சேர்த்தார். மூன்றே பிரதிகள் விற்றன. அந்தப் பிரிவில் அது முதலிடம் பிடித்தது! ‘அமேசானில் முதலிடம்’ என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவில், எத்தனை பிரதி, எத்தனை நாள் என்று கேட்பதில் தவறே இல்லை.

நெய் வடிந்ததும் உண்டு

அப்படியானால் அறியாதவர் அடையும் வெற்றி எல்லாமே பொய்யா? அதுதான் இல்லை. 2017இல் முதலிடத்திலிருந்து ஒரு நாள் இறக்கப்பட்டு, திருத்திய பட்டியலில் மீண்டும் ஏறிய நூல் எது தெரியுமா? ஏஞ்சி தாமஸ் எழுதிய ‘தி ஹேட் யூ கிவ்’. அதுவும் முதல் நாவல்தான். மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் ஒரு தேவாலயத்தில் செயலாளராக வேலை பார்த்தவர் ஏஞ்சி தாமஸ். அவருடைய கையெழுத்துப் பிரதிக்காக 2016இல் நடந்த ஏலத்தில் 13 பதிப்பகங்கள் போட்டியிட்டன. கேட்பதற்கு இதுவும் நம்ப முடியாத கதையாகத்தான் இருக்கிறது.

இரண்டுக்கும் வேறுபாடு என்ன? தாமஸின் வெற்றி வழிநெடுகத் தடயம் விட்டுச் சென்றது. கதையை அவர் கல்லூரி நாட்களில் ஒரு சிறுகதையாகத் தொடங்கினார். பிறகு நாவலாக வளர்த்தார். நூல் கடைக்கு வந்தபோது வாசகர்கள் படித்தார்கள், நூலகங்கள் வாங்கின, ஆசிரியர்கள் விவாதித்தார்கள். மாதக்கணக்கில் அது பட்டியலில் நீடித்தது. 2018இல் திரைப்படமாகவும் வந்தது. இன்னொன்றுக்கோ உச்சி இருந்தது, ஏறி வந்த படிகளைக் காணோம்.

இந்த நிகழ்வில் பாதிக்கப்பட்டது யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வாசகரால் உயர்த்தப்பட்ட ஒரு புதிய எழுத்தாளரின் இடம் பறிபோக இருந்தது. சந்தேகப்பட்டவர்கள் பேசாமல் இருந்திருந்தால் அந்த அநீதி நிலைத்திருக்கும்.

‘எராகன்’ நாவலின் கதையையும் பார்ப்போம். பதினைந்து வயதில் எழுதத் தொடங்கிய சிறுவன், பத்தொன்பது வயதில் உலகப் புகழ் பெற்றான் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஒற்றை வரியில் விடுபட்டது நிறைய. கிறிஸ்டோபர் பயோலினியின் நாவலை 2002இல் முதலில் வெளியிட்டது அவருடைய பெற்றோரின் சிறு பதிப்பகம். குடும்பமே வண்டியேறிப் பயணம் செய்தது. இடைக்கால ஐரோப்பிய உடை அணிந்து 135க்கும் மேற்பட்ட பள்ளிகளிலும் நூலகங்களிலும் அவர் பேசினார். அப்படி விற்ற ஒரு பிரதி எழுத்தாளர் கார்ல் ஹையாசனின் வளர்ப்பு மகன் கைக்குப் போனது. அவர் வழியாக நாஃப் பதிப்பகத்துக்குத் தெரிந்து, 2003இல் நூல் மறுபடி வெளிவந்தது. அதிர்ஷ்டம் இருந்தது. அது வந்து சேர்வதற்குக் குடும்பத்தின் உழைப்பும் இருந்தது.

எழுத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்பதற்கு ஜே.கே. ரௌலிங்கே சாட்சி. ஹாரி பாட்டரால் உலகப் புகழ் பெற்ற பிறகு, 2013 ஏப்ரலில் ராபர்ட் கால்பிரெய்த் என்ற புனைபெயரில் ஒரு துப்பறியும் நாவலை வெளியிட்டார். மதிப்புரைகள் நன்றாகவே இருந்தன. ஆயினும் விற்பனை பெரிதாக இல்லை. ஜூலையில் உண்மைப் பெயர் வெளிப்பட்டதும் அதே நாவல் விற்பனையில் உச்சிக்குப் போனது. ஆகவே விற்காத நூலெல்லாம் மோசம் என்று எண்ணி இளம் எழுத்தாளர்கள் மனம் உடையத் தேவையில்லை.

பணம் எந்தப் பக்கம் போகிறது?

வெற்றிக் கதைகளால் மயங்கியவரை எதிர்பார்த்துச் சில பதிப்பு நிறுவனங்கள் காத்திருக்கின்றன. பதிப்பகம் நூலைத் தேர்ந்தெடுத்து, தன் செலவில் அச்சிட்டு, எழுத்தாளருக்குப் பணம் தருவது வழக்கமான முறை. எழுத்தாளரிடமே பணம் வாங்கி அச்சிட்டுவிட்டு, “உங்கள் நூலை நாங்கள் தேர்ந்தெடுத்தோம்” என்று புகழ்வது இன்னொரு வகை.

அமெரிக்காவில் பப்ளிஷ்அமெரிக்கா என்ற நிறுவனம் எழுத்தாளரிடம் முன்பணம் கேட்கவில்லை. ஆனால் எழுத்தாளரும் அவருடைய உற்றார் உறவினரும் வாங்கும் பிரதிகளை நம்பியே அது நடக்கிறது என்ற குற்றச்சாட்டு இருந்தது. தரமான நூல்களையே ஏற்பதாக அது சொல்லிக்கொண்டது. அறிவியல் புனைகதை எழுதுவோரை அது இழிவாகப் பேசியபோது, ஜேம்ஸ் டி. மெக்டொனால்ட் என்ற எழுத்தாளர் தலைமையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கூடி ஒரு காரியம் செய்தார்கள். ஆளுக்கோர் அத்தியாயமாக, எவ்வளவு மோசமாக முடியுமோ அவ்வளவு மோசமாக ‘அட்லாண்டா நைட்ஸ்’ என்ற நாவலை எழுதினார்கள். ஓர் அத்தியாயம் காணாமல் போயிருந்தது. ஓர் அத்தியாயம் இரண்டு முறை வந்தது. இன்னொன்றைக் கணினியே சொற்களைக் கலந்துபோட்டு உருவாக்கியது. 2004 டிசம்பரில் நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது! 2005 ஜனவரியில் எழுத்தாளர்கள் உண்மையை வெளியிட்ட பிறகுதான் ஏற்பை ரத்து செய்தது.

சொந்தச் செலவில் நூல் வெளியிடுவது இழிவான செயல் அன்று. நம் நாட்டில் தமிழ் நூல்கள் பலவும் எழுத்தாளர்களின் கைப்பணத்தில் வந்தவையே. மொழியின் மீதுள்ள பற்றினால் அவர்கள் அதைச் செய்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. செலவு யாருடையது என்பதை மறைத்துப் புகழை விற்கும்போதுதான் கேடு வருகிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

வியப்பான வெற்றிக் கதை ஒன்று காதில் விழுந்தால் நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, எழுதியவரையும் வெளியிட்டவரையும் தவிர வேறு யார் இதைச் சொல்கிறார்கள்? முன்பின் அறியாத வாசகர் ஒருவராவது படித்துவிட்டுப் பேசியிருக்கிறாரா?

இரண்டாவது, நூல் எங்கே கிடைக்கிறது? கடையிலோ நூலகத்திலோ கையில் எடுத்துப் பார்க்க முடியுமா? ஐ.எஸ்.பி.என். எண் இருக்கிறது என்பது பதில் ஆகாது. நம் நாட்டில் தேசிய நூலகம் வழங்கும் அந்த எண் நூலுக்கு ஓர் அடையாள எண் மட்டுமே. தரத்துக்கான சான்றிதழ் அல்ல.

மூன்றாவது, யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள்? எழுத்தாளருக்குப் பணம் வந்ததா, அவரிடமிருந்து போனதா?

நான்காவது, கதையைச் சொல்பவர் அதன் முடிவில் எதையாவது விற்கிறாரா? பயிற்சி வகுப்போ பதிப்புத் திட்டமோ விலைப்பட்டியலுடன் வந்தால், வெற்றிக் கதை வெறும் விளம்பரமாக இருக்கக்கூடும்.

இவற்றைக் கேட்பது பொறாமை ஆகாது. உண்மையாக வென்றவர் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். தான் பட்ட பாட்டைச் சொல்ல யாருக்குத்தான் விருப்பமிருக்காது? கோபித்துக்கொள்கிறவரிடம்தான் கவனம் தேவை.

பிள்ளை கதை எழுதுகிறாள் என்றால் பெற்றோர் தட்டிக்கொடுக்கட்டும். ஏஞ்சி தாமஸின் கதையையும் பயோலினியின் கதையையும் முழுமையாக, விடுபட்ட ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்லட்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கவும் கற்றுக்கொடுக்கட்டும். கேழ்வரகில் நெய் வடிவதாக யாராவது சொன்னால் உடனே சிரித்துவிட வேண்டாம். அருகில் போய், அதில் நெய்யை ஊற்றியவர் யார் என்று பார்த்துவிட்டு வரலாம்.