காகிதத் தோட்டா சுருட்டிய கைகள்

காகிதத்தில் துப்பாக்கித் தோட்டா! கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கிறதல்லவா? ஆனால் சுமார் 300 ஆண்டுக் காலம் உலகத்துப் போர்கள் பலவும் காகிதத் தோட்டாவால்தான் நடந்தன. நாம் இன்று பார்க்கும் பித்தளைத் தோட்டா வந்தது பிற்பாடுதான்.

அந்தக் காகிதத் தோட்டாவைச் சுருட்டியவர்கள் யார்? தளபதிகள் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. சுட்டவர்கள் பெயர் பட்டாளத்துப் பதிவேட்டில் இருக்கிறது. சுருட்டியவர்கள் பெயர் ஒரு கல்லறைத் தோட்டத்துக் கல்லில் இருக்கிறது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள அந்தக் கல்லின் கதைதான் இது.

நாட்டுத் துப்பாக்கியின் தொல்லை

ஊர்ப்பக்கம் கொக்கு, காடை சுடும் நாட்டுத் துப்பாக்கியைப் பார்த்தவர்களுக்கு விவரம் தெரியும். குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்ட வேண்டும். மேலே நாரோ துணியோ வைத்துக் கம்பியால் இடிக்க வேண்டும். பிறகு ஈயக் குண்டைப் போட வேண்டும். மறுபடியும் நாரை வைத்து இடிக்க வேண்டும். இதற்குத்தான் 'துப்பாக்கி கெட்டிப்பது' என்று பெயர்.

கொக்கு சுடுகிறவருக்கு அவசரம் இல்லை. எதிரே ஆயிரம் பேர் சுட்டுக்கொண்டு வரும்போது, சிப்பாய் மருந்தை அளந்து கொட்டி, பையில் குண்டைத் தேடிக்கொண்டு நிற்க முடியுமா? ஒரு வேட்டுக்கு வேண்டிய மருந்தையும் குண்டையும் முன்கூட்டியே ஒரே காகிதப் பொட்டலமாகக் கட்டிவிட்டால் என்ன? இந்த யோசனையில் பிறந்ததுதான் காகிதத் தோட்டா.

சிப்பாய் இடுப்புப் பெட்டியிலிருந்து தோட்டாவை எடுப்பான். அதன் வாலைப் பல்லால் கடித்துக் கிழிப்பான். மருந்தைக் குழலில் கொட்டுவான். குண்டைக் காகிதத்தோடு உள்ளே தள்ளிக் கம்பியால் இடிப்பான். அந்தக் காகிதமே நாருக்குப் பதிலாக அடைப்பாகிவிடும். பழகிய சிப்பாய் ஒரு நிமிடத்தில் மூன்று முறை சுடுவான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தோட்டாவைக் கடிக்க முன்பல் வேண்டும். பல் போனவர்களைப் பட்டாளத்தில் சேர்க்காமல் திருப்பி அனுப்பினார்கள்!

ஒரு குண்டு, மூன்று குஞ்சு

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. வட மாநிலங்கள் ஒரு பக்கம், அடிமை முறையை விடமாட்டோம் என்று பிரிந்து போன தென் மாநிலங்கள் மறுபக்கம். புதுவகை ரைபிள்கள் அப்போது வந்துவிட்டன. ஆனால் லட்சக்கணக்கான ஆட்களுக்கு உடனே கொடுக்கக் கையிருப்பில் இருந்தவை பழைய வழுவழுக் குழல் துப்பாக்கிகளே. 1842-ஆம் ஆண்டு மாதிரி என்று அதற்குப் பெயர். குழலின் உள்வாய் 17 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம்.

இந்தத் துப்பாக்கிக் குழலுக்குள் ரைபிளுக்கு உள்ள திருகு வரிகள் கிடையாது. எனவே குண்டு நேராகப் போகாது. 100 கஜத்துக்கு அப்பால் குறி பார்த்துச் சுடுவது வீண் வேலை. அந்தக் குறையைத் தீர்க்க ஒரு தந்திரம் செய்தார்கள். பெரிய குண்டு ஒன்றோடு சிறு குண்டுகள் மூன்றையும் ஒரே தோட்டாவில் கட்டினார்கள். ஒரு முறை விசையை இழுத்தால் நான்கு குண்டுகள் சிதறிப் பாயும். குறி தப்பினாலும் ஏதாவது ஒன்று பட்டுவிடும்.

வட மாநிலப் படையில் 'ஐரிஷ் பிரிகேட்' என்று ஒரு பிரிவு இருந்தது. அதன் தளபதி தாமஸ் பிரான்சிஸ் மாஹர், 'எதிரியை நெருங்கிப் போய்ச் சுடுவோம். எங்களுக்கு இந்த நான்கு குண்டுத் தோட்டாவே போதும்' என்ற கருத்துடையவர். அயர்லாந்தில் 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். இன்னும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். அப்படிப் பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகளே அந்தப் படையில் பெரும்பாலோர்.

சுருட்டும் முறை

தோட்டா செய்வதைப் பார்த்தால் பீடி சுற்றுவது நினைவுக்கு வரும். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் காகிதத்தை வெட்டிக்கொள்வார்கள். பென்சில் போன்ற, ஆனால் அதைவிடத் தடித்த மர உருளை ஒன்று உண்டு. அதன் முனை குண்டு உட்காரும்படி குழிந்திருக்கும். உருளையின் மேல் காகிதத்தைச் சுற்றுவார்கள்.

மூன்று சிறு குண்டுகளும் ஒரு பெரிய குண்டும் உள்ளே இறங்கும். பெரிய குண்டின் எடை சுமார் 27 கிராம். மேசையில் கட்டியிருக்கும் கயிற்றைக் காகிதத்தின் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால் வாய் இறுகும். அதன்மேல் நூலால் முடிச்சு. முடிச்சு தளர்ந்தால் குண்டு உதிரும். அதிகம் இறுக்கினால் காகிதம் கிழியும். பிறகு உருளையை உருவிவிட்டு 7 கிராம் கருமருந்தை அளந்து கொட்டி, வாலை மடித்துவிட வேண்டும்.

10 தோட்டாக்கள் ஒரு பொட்டலம். கூடவே துப்பாக்கியின் காதில் பொருத்தும் செப்புக் 'கேப்'கள் 12. பதட்டத்தில் இரண்டு கீழே விழும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்கிறார்கள்! 1,000 தோட்டாக்கள் ஒரு பெட்டி.

ஒரு சிப்பாயின் இடுப்புப் பெட்டியில் 40 தோட்டாக்கள் இருக்கும். கடும் சண்டையில் ஒரு மணி நேரத்துக்குக்கூட அவை தாங்கா. அப்படியானால் ஒரு படைக்கு எத்தனை லட்சம் தோட்டாக்கள் வேண்டும்? அத்தனையும் கையால் சுற்றியாக வேண்டும்.

தீக்குச்சியும் சிறுவர்களும்

பிட்ஸ்பர்க் நகரின் லாரன்ஸ்வில் பகுதியில் ஆற்றை ஒட்டி அலகேனி ஆயுதசாலை இருந்தது. அங்கே முதலில் தோட்டா சுருட்டியவர்கள் சிறுவர்கள். அவர்கள் சட்டைப் பையில் தீக்குச்சி வைத்துக்கொண்டு வருவதை நிர்வாகம் கண்டுபிடித்தது. வெடிமருந்துக் கொட்டகையில் தீக்குச்சியா? சிறுவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள்.

பெண்களின் விரல் மெல்லியது, வேலை சுத்தமாக இருக்கும், சொன்னபடி கேட்பார்கள், கூலியும் குறைவு. முதலாளிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வந்தவர்களில் பலர் ஐரிஷ் வீட்டுப் பெண்கள். தகப்பனோ அண்ணனோ போர்முனைக்குப் போய்விட்டார்கள். மாதம் 13 டாலர் சிப்பாய்ச் சம்பளம் வீடு வந்து சேரப் பல மாதங்கள் ஆகும். அடுப்பு எரிய வேண்டுமானால் வீட்டுப் பெண் தோட்டா சுருட்டப் போக வேண்டும். அவர்களில் பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

தீக்குச்சி வைத்திருந்த சிறுவர்கள் போய்விட்டார்கள். ஆனால் ஆபத்து போகவில்லை. மருந்து வந்த மரப் பீப்பாய்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தப்பட்டவை. மூடி சரியாகப் பொருந்தாது. மருந்து கசியும். கொட்டகை வாசலில் கல் பாவிய சாலை. அதன்மேல் இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரமும் லாடம் அடித்த குதிரைக் குளம்பும் உரசும். சிந்திய மருந்தைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிட்டு வேலை நடந்தது.

கல், இரும்பு, மருந்து. இந்த மூன்றும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அங்கே வேலை செய்த எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அந்த நாள்

1862 செப்டம்பர் 17, புதன்கிழமை. பிற்பகல் 2 மணி வாக்கில் பீப்பாய் இறக்கும் வண்டி கொட்டகை வாசலில் நின்றது. சக்கரத்தின் அடியில் நெருப்பைக் கண்டதாக வண்டிக்காரர் பின்னால் சாட்சி சொன்னார். அடுத்த கணம் ஒரு பெரும் வெடி. அடுத்தடுத்து மேலும் வெடிகள். பக்கத்து வீடுகளின் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. பல மைல் தொலைவில் இருந்தவர்களும் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள்.

ஆயுதசாலை வாசலில் தாய்மார்கள் கூடினார்கள். எரிந்துபோன உடல்களில் எது யாருடையது என்று தெரியவில்லை. கருகாமல் எஞ்சிய துணித்துண்டையும், கையில் கிடந்த மோதிரத்தையும் வைத்துப் பெற்றவர்கள் பிள்ளையை அடையாளம் தேடினார்கள்.

இறந்தவர்கள் 78 பேர். பெரும்பாலோர் இளம்பெண்கள். பீப்பாய் கசிகிறது என்று புகார் சொல்லிவந்த மேற்பார்வையாளர் ஒருவரின் 15 வயது மகளும் அவர்களில் ஒருத்தி. அடையாளம் தெரியாதவர்களை அலகேனி கல்லறைத் தோட்டத்தில் ஒரே குழியில் அடக்கம் செய்தார்கள்.

அதே நாளில் ஆன்டீடம்

அதே செப்டம்பர் 17-ஆம் தேதிதான் மேரிலாந்து மாநிலத்தில் ஆன்டீடம் போர் நடந்தது. அமெரிக்க சரித்திரத்தில் ஒரே நாளில் இவ்வளவு ரத்தம் சிந்திய போர் வேறில்லை. இருதரப்பிலும் சேர்த்து மாண்டவர்கள், காயம்பட்டவர்கள், காணாமற்போனவர்கள் சுமார் 23,000 பேர்.

அந்தப் போரில் ஒரு பள்ளச் சாலையை நோக்கி முன்னேறியது ஐரிஷ் பிரிகேட். அவர்களில் பெரும்பாலோர் கையில் இருந்தது அந்தப் பழைய வழுவழுக் குழல் துப்பாக்கி. பெட்டியில் இருந்தது ஒரு குண்டும் மூன்று குஞ்சும் கட்டிய காகிதத் தோட்டா. 500-க்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டோ, காயம்பட்டோ வீழ்ந்தார்கள்.

பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்த இனத்தின் ஆண்கள் ஒரு இடத்தில் காகிதத் தோட்டாவைக் கடித்துக்கொண்டு செத்தார்கள். அதே இனத்தின் பெண்கள் பலர் வேறொரு இடத்தில் காகிதத் தோட்டாவைச் சுருட்டிக்கொண்டு செத்தார்கள். ஒரே நாள்!

மறுநாள் பத்திரிகைகளின் கவனமெல்லாம் ஆன்டீடத்தின் மீது போனது. 78 பேரின் சாவு பிட்ஸ்பர்க் நகரத்தின் துக்கமாக நின்றுவிட்டது. அந்த ஆண்டு ஜூலையில்தான், போரில் இறந்த சிப்பாயின் விதவைக்கும் பிள்ளைகளுக்கும் பென்ஷன் தரும் சட்டம் வந்திருந்தது. தோட்டா சுருட்டியவர்கள் சிப்பாய்கள் அல்லவே! அவர்கள் பெயர் அந்தச் சட்டத்தில் வரவில்லை.

யார் குற்றவாளி?

பிரேத விசாரணை நடந்தது. ஆயுதசாலை அதிகாரி கர்னல் ஜான் சிமிங்டனும் அவருக்குக் கீழிருந்த அதிகாரிகளும் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று ஜூரிகள் முடிவு சொன்னார்கள். பிறகு ராணுவம் தனியாக ஒரு விசாரணை நடத்தியது. அதில் கர்னல் மீது குற்றமில்லை என்று தீர்ப்பாயிற்று. நெருப்பு எதனால் வந்தது என்பது கடைசிவரை ஐயமற நிரூபிக்கப்படவில்லை.

பாடம் கற்றார்களா? இல்லை. அடுத்த ஆண்டு, 1863 மார்ச் 13-ஆம் தேதி, எதிர்த்தரப்பின் தலைநகரான ரிச்மண்டில் இதே கதை நடந்தது. வெடி பொருத்தும் குச்சி ஒன்று பலகையில் ஒட்டிக்கொண்டது. அதை எடுக்க 18 வயது ஐரிஷ் பெண் ஒருத்தி பலகையைத் தட்டினாள். கொட்டகை வெடித்தது. 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இங்கும் பெண்களும் சிறுமிகளுமே அதிகம்.

1864 ஜூன் 17-ஆம் தேதி தலைநகர் வாஷிங்டன் ஆயுதசாலை. காயவைப்பதற்காக வாணப் பொடிகளை வெயிலில் பரப்பியிருந்தார்கள். சூட்டில் அவை பற்றிக்கொண்டன. ஒரு பொறி ஜன்னல் வழியாக, பெண்கள் தோட்டாவுக்குக் கழுத்து இறுக்கிக்கொண்டிருந்த அறைக்குள் பாய்ந்தது. அக்காலத்து அகன்ற பாவாடைகளில் தீ தாவியது. 21 பெண்கள் பலியானார்கள்.

அவர்களுடைய இறுதி ஊர்வலத்தில் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் நேரில் கலந்துகொண்டார். அடக்கச் செலவை அரசாங்கம் ஏற்றது. பிட்ஸ்பர்க் பெண்களுக்கு அந்த மரியாதையும் கிடைக்கவில்லை.

கல்லில் மிச்சம்

போர் 1865-இல் முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் உலோகத் தோட்டா எங்கும் பரவியது. துப்பாக்கியின் பின்பக்கம் திறந்து தோட்டாவைச் செருகும் முறை வந்ததும், கடித்துக் கிழிக்கும் காகிதத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. இன்று பழைய துப்பாக்கிகளில் ஆர்வம் கொண்டவர்கள் மட்டும், அந்நாள் முறைப்படியே காகிதம் வெட்டி, உருளையில் சுற்றி, நூல் கட்டித் தோட்டா செய்து சுட்டுப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அது விடுமுறை நாள் பொழுதுபோக்கு.

அலகேனி ஆயுதசாலை இருந்த இடத்தில் இப்போது பூங்கா இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் மக்கள் எழுப்பிய பழைய நினைவுச் சின்னம் சிதைந்துபோகவே, 1928-இல் புதிய கல் வைத்தார்கள். அதில் இறந்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன.

சுட்டவனுக்குப் பதக்கம் உண்டு, பென்ஷன் உண்டு. சுருட்டியவளுக்கு அந்தக் கல்லில் ஒரு வரி.