தீப்புண்ணும் குருதிக் கொழுப்பும்

ஈழத்துச் சிற்றூர்களில், வெற்றுப் போத்தலில் மண்ணெண்ணெய் நிரப்பித் திரியிட்ட குப்பி விளக்குகள் சரிந்து வீழ்ந்து எத்தனையோ பேரைச் சுட்டெரித்தன. அக்கொடுமை கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதிற் சரியாத குறுகிய கனத்த கண்ணாடி விளக்கொன்றை வகுத்தளித்தார். 1998இல் ரோலெக்ஸ் விருது அவரை நாடி வந்தது. வருமுன் காத்தலே தலையாய மருத்துவம். ஆயினும் வெந்து வந்தோனுக்குச் செய்வது யாது?

தோலிற் பட்ட தீ தோலோடு நிற்பதன்று. பெரும் புண் நேர்ந்தவுடன் வெண்குருதிக் கலங்கள் கிளர்ந்தெழுகின்றன. கிருமிகளைக் கொல்லவென அவை ஆக்கும் ஒட்சிசனின் வன்மை மிக்க வடிவங்கள் சொந்த உடலையே தாக்குகின்றன. நிரம்பாத கொழுப்பமிலங்கள் எளிதில் இரையாகின்றன. பழுதுற்ற ஒரு மூலக்கூறு அடுத்ததைப் பழுதாக்கும். நாட்பட்ட எண்ணெய் சிக்கு வாடை பெறுவதும் இவ்வினையாலேயே.

இச்சிதைவின் எச்சங்களுள் ஒன்று மலோன்டையல்டிகைட்டு. குருதிக் கலங்களை நீக்கியபின் எஞ்சும் மஞ்சள் நீரைத் தயோபாபிற்றூரிக்கமிலத்துடன் அமில ஊடகத்தில் வெப்பமேற்றினால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். அந்நிறம் 532 நனோமீற்றர் அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதே அளவை. செலவு சிறிது, அதனாலேயே பலரும் இதனைக் கைக்கொண்டனர்.

ஆனால் அச்சிவப்பு முழுவதும் கொழுப்பின் சாட்சியன்று. சில வெல்லங்களும் பித்த நிறப்பொருளும் அளவைக் குழப்பும். தீப்புண்ணாளரிடம் செங்கலங்கள் உடைவது வழக்கம். வெளிப்படும் ஈமோகுளோபின் நிறத்தைக் கூட்டுவதோடு, குழாயினுள்ளேயே கொழுப்பைப் புதிதாய்ச் சிதைக்கவும் வல்லது. கொதிக்கும் போதும் சிதைவு தொடரும். எனவே குருதியை உடனே குளிர்வித்துப் பிரித்தலும், ஒட்சியேற்றந் தடுக்கும் பொருள் சேர்த்தலும் இன்றியமையாதன. கொழுப்பின் மொத்த அளவே இந்நோயாளரிடம் குன்றுவதால், அதனையும் அளந்து ஒப்பிடல் வேண்டும்.

இத்துணை நுணுக்கம் எதற்கெனின், மருந்து தீர்மானிக்கவே. 2000இல் யப்பானிய மருத்துவர் 37 நோயாளரை ஆராய்ந்து வெளியிட்ட முடிவில், முதல் 24 மணிநேரம் பேரளவு விற்றமின் சி பெற்றோர்க்கு ஏற்றவேண்டிய திரவமும் குறைந்தது, மலோன்டையல்டிகைட்டும் குறைந்தது. இறப்பு விகிதத்தில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. பேரளவு விற்றமின் சி சிறுநீரகத்தை ஊறுபடுத்தவுங் கூடும். ஆகவே சோதனைக் குழாயின் நிறம் மங்கியது கண்டு நோயாளி தேறினான் எனக் கொள்வது அவசரமாகும். ஐசோபுரொசுத்தேன் என்னும் பொருள்களைத் திணிவு நிறமாலைமானியால் அளப்பது இதனினும் நம்பத்தக்கது. கருவியின் விலைதான் பெரிது.