அட்டையின் முகமும் முதுகும்: அமெரிக்கச் சிற்றூர் நிழற்பட அஞ்சலட்டைகளை வரலாற்றுச் சான்றாக வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சிற்றூர்களில் பெருவழக்காக இருந்த நிழற்பட அஞ்சலட்டைகளும் நிலையப் படங்களும் இன்று சமூக வரலாற்றுக்கான சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. அவை ஊரின் இயல்பான வாழ்வைப் பதிவு செய்தனவா, அல்லது ஊர் தன்னைக் காட்டிக்கொள்ள விரும்பிய தோற்றத்தைப் பதிவு செய்தனவா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. அட்டையின் உருவாக்கம், காலக்கணிப்பு, திருத்தம், பெயரிடல் ஆகியவற்றை ஆராய்ந்து, படத்தோடு அதன் பயன்பாட்டு வரலாற்றையும் சேர்த்து வாசித்தாலன்றி அது முழுமையான சான்றாகாது என்று நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: நிழற்பட அஞ்சலட்டை, சிற்றூர் வரலாறு, காட்சிச் சான்று, ஆவணக்காப்பகம், கெய்ரோ, ஹோ-சங்க் மக்கள்.

முன்னுரை

எழுத்துச் சான்றுகளை ஆராய்வதற்குரிய நெறிமுறைகள் வரலாற்றியலில் நன்கு வளர்ந்துள்ளன. ஒரு கடிதத்தை யார், யாருக்கு, எந்நோக்கில் எழுதினார் என்று வினவாமல் ஆய்வாளர் எவரும் அதனைச் சான்றாகக் கொள்வதில்லை. ஆனால் நிழற்படத்தைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் பல வேளைகளில் எழுப்பப்படுவதில்லை. கண்ணால் கண்டது போன்ற உணர்வை அது தருவதே இதற்குக் காரணமாகும். பழைய அஞ்சலட்டைகள் நூல்களில் பெரும்பாலும் அழகுப் படங்களாக இடம்பெறுவதும் இதனாலேயே.

1910ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்க மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் 2,500 பேருக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட இடங்களிலேயே வாழ்ந்தனர். அத்தகைய ஊர்களும் அவற்றினும் சற்றுப் பெரிய சிறுநகரங்களும் அஞ்சலட்டைகளின் வழியே தம் உருவத்தைத் தாமே பரப்பிக்கொண்டன. அவ்வகையில் இவ்வட்டைகள் தனித்த ஆய்வுக்கு உரியவை.

அட்டையைப் பெருக்கிய காரணிகள்

சட்டம், தொழில்நுட்பம், அஞ்சல் விநியோகம் ஆகிய மூன்றும் ஒருசேர வளர்ந்ததன் விளைவே இவ்வட்டைகளின் பெருக்கம். 1898 மே 19 அன்று இயற்றப்பட்ட சட்டம், தனியார் அச்சிட்ட அட்டைகளையும் அரசு அட்டைகளைப் போலவே ஒரு சென்ட் கட்டணத்தில் அனுப்ப வழிசெய்தது. தொடக்கத்தில் அட்டையின் பின்புறம் முகவரிக்கு மட்டுமே உரியதாக இருந்தது. செய்தி எழுத விரும்பியோர் படத்தின் ஓரத்தில் எழுத வேண்டியிருந்தது. 1907 மார்ச் 1 முதல் பின்புறத்தை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதியில் முகவரியையும் மறுபாதியில் செய்தியையும் எழுத இசைவு அளிக்கப்பட்டது. அதன்பின் முன்புறம் முழுவதும் படத்திற்கு உரியதாயிற்று.

கோடக் நிறுவனம் 1902இல் பின்புறம் அஞ்சலட்டையாக அச்சிடப்பட்ட நிழற்படத்தாளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1903இல் வெளிவந்த அதன் 3ஏ மடக்குக் கேமராவின் நெகட்டிவ் மூன்றேகால் அங்குலமும் ஐந்தரை அங்குலமும் கொண்டது; அதாவது அஞ்சலட்டையின் அளவே. பெருக்கும் கருவியின்றி, நெகட்டிவைத் தாளின்மீது நேரடியாக வைத்துப் படியெடுக்க முடிந்தது. இதனால் அச்சகம் இல்லாத ஊரிலும் அட்டை உருவாயிற்று. ஐந்து படிகள் மட்டும் தேவைப்பட்டாலும் செய்து தர இயன்றது. மேலும், 1896இல் சோதனை முறையில் தொடங்கி 1902இல் நிலைபெற்ற ஊரக இலவச அஞ்சல் விநியோகம், பண்ணை வீடுகளின் வாயில்வரை கடிதங்களைக் கொண்டு சேர்த்தது.

1908 சூன் 30இல் முடிந்த ஓராண்டில் மட்டும் 67 கோடியே 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலட்டைகள் அமெரிக்காவில் அனுப்பப்பட்டன. அந்நாட்டின் மக்கள்தொகை அப்போது ஒன்பது கோடியை எட்டவில்லை.

பொருளாக அட்டை: காலக்கணிப்பு

அட்டையைச் சான்றாகக் கொள்வதற்கு முதற்படி அதன் காலத்தைக் கணிப்பதாகும். பகுக்கப்படாத பின்புறம் கொண்ட அட்டை 1907 மார்ச்சுக்கு முன் உருவானதாக இருக்க வாய்ப்பு மிகுதி. அஞ்சல்தலை ஒட்டும் இடத்தில் அச்சிடப்பட்டுள்ள தாள் வணிகக்குறியும் துணைசெய்கிறது. எடுத்துக்காட்டாக, ‘அஸோ’ என்னும் தாளில் நான்கு மூலைகளிலும் மேல்நோக்கிய முக்கோணங்கள் இருப்பின் அத்தாள் 1904 முதல் 1918 வரையிலான காலத்தது என்று சேகரிப்பாளர்கள் கொள்கின்றனர். அஞ்சல் முத்திரை, அட்டை அனுப்பப்பட்ட நாளை மட்டுமே உறுதிசெய்யும். கடையில் பல ஆண்டுகள் தங்கிப் பின்னர் விற்பனையான அட்டைகளும் உண்டு என்பதால், முத்திரை நாளைப் படம் எடுக்கப்பட்ட நாளாகக் கொள்ளலாகாது.

முன்புறத்தில் வெண்ணிற எழுத்தில் காணப்படும் தலைப்பு, நெகட்டிவின்மீது கறுப்பு மையால் கையால் எழுதப்பட்டதாகும். பெரும்பாலும் இடவல மாற்றமாக எழுத வேண்டியிருந்ததால், சில அட்டைகளில் எழுத்துகள் திரும்பிய நிலையில் உள்ளன. இது பிழையெனினும், அட்டை பெரிய அச்சகத்தில் உருவானதன்று, உள்ளூர்க் கைவினையாளர் ஒருவர் உருவாக்கியது என்பதற்கு அதுவே தடயமாகிறது.

திருத்தப்பட்ட தெரு

முதன்மைத் தெரு, தொடர்வண்டி நிலையம், நீதிமன்றம், வங்கி, பள்ளி, அணிவகுப்பு, வெள்ளம், தீவிபத்து ஆகியவை இவ்வட்டைகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறும் பொருள்கள். இவற்றுள் முதன்மைத் தெருவைக் காட்டும் அட்டைகளை இருவகையாகப் பிரித்து நோக்குதல் வேண்டும்.

முதல் வகை, உள்ளூர் நிழற்படக் கலைஞர் நெகட்டிவிலிருந்து நேரடியாகப் படியெடுத்தது. இதில் தளமிடாத தெருவின் சேறும், தொலைபேசிக் கம்பங்களும், குதிரை கட்டும் தறிகளும் உள்ளவாறே காணப்படுகின்றன. இரண்டாம் வகை, நிழற்படத்தை மூலமாகக் கொண்டு பெரிய அச்சகங்கள் வண்ணத்தில் அச்சிட்டது. 1898இல் சிகாகோவில் தொடங்கப்பட்ட கர்ட் டைக் நிறுவனம் இத்துறையில் முதன்மை பெற்றது. அதன் ஆவணங்கள் இன்று அந்நகரின் நியூபெரி நூலகத்தில் உள்ளன. ஆலிசன் ஐசன்பெர்க் 2004இல் வெளியிட்ட அமெரிக்க நகர்மையங்கள் குறித்த நூலில், அஞ்சலட்டைகளின் முதன்மைத் தெருக் காட்சிகள் திருத்தி அமைக்கப்பட்ட முறையை ஆராய்ந்துள்ளார். கம்பங்களும் கம்பிகளும் நீக்கப்பட்டன, தெரு தூய்மையாக்கப்பட்டது, வானம் நீலமாயிற்று.

திருத்தப்பட்ட அட்டையைப் பொய்ச்சான்று என்று ஒதுக்குவது பொருந்தாது. ஒரே தெருவின் இருவகை அட்டைகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது, நீக்கப்பட்டவை எவை, சேர்க்கப்பட்டவை எவை என்பது புலனாகிறது. ஊரின் வணிகர்கள் எதனைக் குறையாகக் கருதினர், எத்தகைய ஊராக வளர விரும்பினர் என்பதற்கு அவ்வேறுபாடே சான்றாகும். கான்சாஸ் மாநிலத்தின் ஒட்டாவா என்னும் ஊரில் டபிள்யூ. எச். மார்ட்டின் 1908 முதல் உருவாக்கிய மிகைப்பட அட்டைகளும் இத்தகையனவே. வண்டியை நிறைக்கும் ஒற்றைச் சோளக்கதிர் நகைப்புக்குரியது. எனினும் வேளாண் மக்களின் விளைச்சல் கனவை அது வெளிப்படுத்துகிறது.

கெய்ரோ: பெருமிதமும் வன்கொடுமையும்

ஊர் விரும்பிப் பரப்பிய உருவம் எப்போதும் இனிமையானதாக இருக்கவில்லை. இல்லினாய் மாநிலத்தில் ஒகையோ, மிசிசிப்பி ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்த கெய்ரோவில் 1910இல் ஏறத்தாழ 14,500 பேர் வாழ்ந்தனர். அதன் வணிகத்தெருவில் மின்விளக்குகள் பொருத்திய வளைவு ஒன்று நின்றது. புதிய மின்னொளி அக்காலச் சிறுநகரங்களின் வளர்ச்சிக்கு அடையாளமாகக் கருதப்பட்டது. 1909 நவம்பர் 11 இரவு, கொலைக்குற்றம் சாட்டப்பட்டிருந்த வில் ஜேம்ஸ் என்னும் கறுப்பினத்தவரைக் கும்பலொன்று விசாரணையின்றி அவ்வளைவின்கீழ்க் கொன்றது. அந்நிகழ்வும் அவ்வளைவும் அஞ்சலட்டைகளாயின.

வளர்ச்சியைக் காட்டும் அட்டையையும் வன்கொடுமையைக் காட்டும் அட்டையையும் உருவாக்கியது ஒரே தொழில்நுட்பம், ஒரே தெரு. கொலைக்குத் தூண்டும் பொருள்களை அஞ்சலில் அனுப்புவதை 1908ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தடைசெய்திருந்தும், இத்தகைய அட்டைகளின் புழக்கம் நிற்கவில்லை. முகத்தை மறைத்துக்கொள்ளாத கூட்டத்தினரைக் காட்டும் அட்டைகள், தண்டனை குறித்த அச்சமின்மைக்குச் சான்றுகளாகும். இதற்கு மாறாக, இதழாளர் ஐடா பி. வெல்ஸ் கெய்ரோவுக்குச் சென்று திரட்டிய சான்றுகள், கைதியைக் காக்கத் தவறிய ஷெரிஃப் மீண்டும் பதவி பெறாதவாறு தடுத்தன. கெய்ரோவின் அட்டையை அவ்வெழுத்துச் சான்றோடு சேர்த்து வாசிக்காவிடில், ஆய்வாளரும் அந்தக் கூட்டத்தின் பார்வையிலேயே நிற்க நேரிடும்.

பிளாக் ரிவர் ஃபால்ஸ்: ஒரு தொகுப்பு, இரு வரலாறுகள்

படத்தொகுப்பை வாசிக்கும் முறை வரலாற்றையே மாற்றும் என்பதற்கு விஸ்கான்சின் மாநிலத்தின் பிளாக் ரிவர் ஃபால்ஸ் தக்க சான்று. அவ்வூரில் சார்லஸ் வான் ஷைக் பல்லாண்டுகள் நிழற்பட நிலையம் நடத்தினார். அவருடைய கண்ணாடி நெகட்டிவ்களிலிருந்து தேர்ந்த படங்களையும் 1885 முதல் 1900 வரையிலான செய்தித்தாள் குறிப்புகளையும் இணைத்து, மைக்கேல் லெசி 1973இல் ‘விஸ்கான்சின் டெத் டிரிப்’ என்னும் நூலை வெளியிட்டார். நோய், மனச்சிதைவு, தற்கொலை, வறுமை ஆகியவற்றால் சூழப்பட்ட ஊராக அது அந்நூலில் தோன்றுகிறது.

அந்நிலையத்திற்கு ஹோ-சங்க் என்னும் முதற்குடி மக்களும் வந்து படமெடுத்துக்கொண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலமுறை விஸ்கான்சினிலிருந்து வலிந்து வெளியேற்றப்பட்டு, மீண்டும் மீண்டும் தம் நிலத்திற்கே திரும்பியவர்கள் அவர்கள். 2011இல் வெளிவந்த ‘பீப்பிள் ஆஃப் தி பிக் வாய்ஸ்’ என்னும் நூல் 1879 முதல் 1942 வரையிலான அப்படங்களைத் தொகுத்தது. ஹோ-சங்க் ஆய்வாளர்களும் அதன் ஆசிரியர் குழுவில் இருந்தனர். படத்திலுள்ளோரின் பெயர்களும் உறவுமுறைகளும் அதில் தரப்பட்டுள்ளன. பெயரற்ற ‘பழங்குடியினர்’ என்னும் நிலை நீங்கி, அவர்கள் தாயாகவும் பாட்டனாகவும் மகளாகவும் அடையாளம் பெறுகின்றனர். அழிவைக் காட்டுவதாக லெசி வாசித்த அதே தொகுப்பு, ஒரு சமூகம் அழியாது நிலைத்ததற்கும் சான்றாகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. அட்டையின் தாள், வணிகக்குறி, முத்திரை, எழுத்து ஆகியவை படத்திற்கு இணையான சான்றுகள். பின்புறத்தைத் தவிர்த்து முன்புறத்தை மட்டும் படியெடுத்துக் காப்பது சான்றின் பாதியை இழப்பதாகும்.

2. திருத்தப்பட்ட படமும் சான்றே. அது ஊரின் நிலையைவிட ஊரின் விருப்பத்திற்குச் சான்றாகிறது.

3. படம் எடுத்தவர், பணம் கொடுத்தவர், வாங்கிப் பரப்பியவர் ஆகியோரின் பார்வையே அட்டையில் மேலோங்குகிறது. படத்தில் இருந்தும் பேச இயலாதவர்களை அறிய வேறு சான்றுகள் இன்றியமையாதவை.

4. பெயரிடல் வெறும் பட்டியல் பணியன்று. படத்திலுள்ளோரின் வழித்தோன்றல்களைத் தேடி அவர்களோடு இணைந்து பெயர்களை மீட்பது, ஆவணக்காப்பகப் பணியின் தலையாய கூறாகக் கொள்ளத்தக்கது. முதியோரின் நினைவோடு அப்பெயர்கள் மறையும் முன் அப்பணி நிறைவேற வேண்டும்.