மலைமழையும் சாத்தையாற்று வெள்ளமும்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் விவசாயஞ் செய்வோர் பலர், தம் ஊரில் மழை பெய்தால்தான் ஓடையில் வெள்ளம் வருமென்று எண்ணியிருக்கின்றனர். மலையடிவாரக் கிராமங்களுக்கு இவ்வெண்ணம் பொருந்தாது. சிறுமலையில் உற்பத்தியாகிப் பாலமேட்டருகிலுள்ள அணையை அடைந்து, அப்பால் பல கண்மாய்களுக்கு நீரூட்டும் சாத்தையாறு இதற்குத் தக்க உதாரணமாகும். பல மாதங்கள் மணலும் பாறையுமாய்க் கிடக்கும் இச்சிற்றாறு, ஐப்பசி கார்த்திகையில் மலைமேல் பலத்த மழை பெய்தவுடன் முற்றிலும் வேறு வடிவங் கொள்கின்றது.

காரணம் யாதெனில், ஓர் ஏக்கரில் 1 அங்குல மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர். ஒரு சதுர மைலுக்கு 6½ கோடி லிட்டருக்கு மேலாகும். முதல் மழையை உலர்ந்த மண்ணும் சருகும் உறிஞ்சிவிடும். மண் நிரம்ப நனைந்த பின்னரோ, பெய்வதில் பெரும்பங்கு சரிவில் வழிந்தோடும். ஆகவே முதல்நாள் வெள்ளம் உண்டாக்காத அதே அளவு மழை மூன்றாம் நாள் உண்டாக்குதல் கூடும். மேலும், செங்குத்தான சரிவில் பல ஓடைகளின் நீரும் ஏறக்குறைய ஒரே வேளையில் பள்ளத்தில் வந்து கூடும்.

நீரின் வேகம் இருமடங்கானால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது நீரியல் கணக்கு. சமவெளி சேர்ந்ததும் வேகம் தணிய, முதலிற் கற்களும், பிறகு பருமணலும், கடைசியில் வண்டலும் படிகின்றன. இதனால் வரத்துக்கால்களின் தலைப்பு மணலால் மேடுறுகின்றது. அடுத்த வெள்ளம் அம்மேட்டைக் கண்டு ஒதுங்கிக் கரையை உடைத்து வயலிற் பாயும். கண்மாயோ வெறுமையாய் நிற்கும். ஒரே மழையால் பயிர் மணலில் மூழ்குவதும், அதே ஊர்க் கண்மாய் நிரம்பாமற் போவதும் இவ்வாறே.

அடிவார ஊரொன்றில், வானம் வெளுத்திருந்த மாலையில் ஆற்றுப்படுகையிற் கட்டியிருந்த உழவுமாடுகள் இரண்டும் வெள்ளத்திற் போனதை யான் கண்டிருக்கிறேன். உடையவர் அவ்வாண்டு இரவல் மாடு கொண்டே உழுதார்.

ஆதலின் கவனிக்க வேண்டியவை:

1. புரட்டாசி முடியுமுன் வரத்துக்கால் தலைப்பிலுள்ள மணலையும் புதரையும் ஊரார் கூடி, உரிய அனுமதியுடன் அகற்றுக.

2. ஓடைப் புறம்போக்கை வரப்பு வெட்டிச் சுருக்கலாகாது. அகலங் குறைந்தால் வேகமும் மட்டமும் மிகும்.

3. கரையோரத்தில் வெட்டிவேரும் நொச்சியும் நடுக.

4. மலையில் இடிமின்னல் கண்டாலும், ஓடைநீர் திடீரெனக் கலங்கிச் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் கேட்டாலும், உடனே ஆட்களையும் மாடுகளையும் படுகையினின்று மேடேற்றுக. நீரிறைக்கும் எஞ்சினை மழைக்காலத்தில் படுகையில் வைத்தலே கூடாது.

5. கிராம அதிகாரிகள் மேலூரில் வெள்ளங் கண்டவுடன் கீழூருக்குத் தொலைபேசியில் அறிவிக்க ஏற்பாடு செய்து, கண்மாயின் மதகையும் கலுங்கையும் முன்னதாகவே பார்வையிடுவாராக.

மலையில் விழும் மழையைத் தடுத்தல் நம்மாலாகாது. அது வரும் வழியைச் செப்பனிட்டு வைத்தல் நம் கையிலுள்ளது. வழி திருத்தமாயிருப்பின், வயலை அழிக்கும் அவ்வெள்ளமே கண்மாயை நிறைத்து அடுத்த போகத்திற்கு உதவும்.