அப்பா தட்டுலயும் நாலு துண்டு!

அப்பாவுக்கு சுகர்னு ரிப்போர்ட் வந்த அன்னிக்கே வீட்ல மட்டனுக்குத் தடா போட்டாச்சா? கொஞ்சம் பொறுங்க பாஸ்! கறியில மாவுச்சத்து கிட்டத்தட்ட ஸீரோ. அதைப் பிடுங்கிட்டு அவர் கையில குடுக்கறோமே அரிசிக் கஞ்சி, அதுதான் சுகரை விறுவிறுன்னு ஏத்தும்!

கறியில பயப்பட வேண்டியது கொழுப்புக்குத்தான். சர்க்கரை இருக்கறவங்களுக்கு இதய நோய் ஆபத்தும் ஜாஸ்தியாச்சே! அதனால எண்ணெய்ல மிதக்கற வறுவலுக்குப் பதிலா சுட்ட கறி.

நாலு பேருக்கு அரை கிலோ போதும். கடையில எலும்பில்லாத, இளசான தொடைக்கறியா கேளுங்க. வெள்ளையா தெரியற கொழுப்பை நறுக்கி எடுத்துட்டு, சின்னத் துண்டா வெட்டுங்க. தயிர் 4 ஸ்பூன், பச்சைப் பப்பாளி விழுது 1 ஸ்பூன், இஞ்சி பூண்டு, மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், எலுமிச்சைச் சாறு, அளவா உப்பு போட்டுப் பிசிறி, 4 மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க. அப்புறம் கம்பியில கோத்து, மிதமான தணல்ல திருப்பித் திருப்பி, உள்ளே நல்லா வேகற வரைக்கும் சுடணும். கரி அடுப்பு இல்லையா? தோசைக்கல் இருக்கே! கருகின ஓரத்தை மட்டும் தூக்கிப் போட்டுடுங்க. அது உடம்புக்கு ஆகாது.

கூடவே வெள்ளரி, வெங்காயம், ரெண்டு சப்பாத்தி. பரோட்டாவும் கூல்டிரிங்ஸும் வேணவே வேணாம்.

ஒரே ஒரு உஷார்: இன்சுலினோ மாத்திரையோ எடுக்கறவங்க சப்பாத்தி, சாதத்தை அடியோட விட்டா லோ சுகர் ஆகி மயக்கமே வரலாம். கிட்னி பிரச்னை இருந்தா, கறி எவ்வளவுன்னு டாக்டர்தான் சொல்லணும்.

மத்தபடி, இந்த ஞாயித்துக்கிழமை அப்பாவும் நம்ம பந்தியில!