ஒலக்கூர் வானத்துக்கு உகந்த தொலைநோக்கி

சொற்ப விலையில் முதன்முதலாகத் தொலைநோக்கி வாங்க விரும்புகிறவர், பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் 500 மடங்குப் பெருக்கத்தைக் கண்டு மயங்கிவிடாமல், முகப்பு லென்ஸின் அல்லது ஆடியின் விட்டம் எவ்வளவு என்றே முதலில் விசாரிக்க வேண்டும். ஏனெனில் மங்கலான நட்சத்திரங்களின் ஒளியைத் திரட்டித் தருவது அந்த விட்டமே. 70 மில்லிமீட்டர் லென்ஸ், இருளில் நன்கு விரிந்த கண்மணியைப்போல் ஏறக்குறைய 100 மடங்கு ஒளியைத் திரட்டும். ஆனால் 140 மடங்குக்குமேல் பெருக்கினால் பிம்பம் பருத்து மங்குமேயன்றித் தெளிவு கூடாது. வியாழனின் நான்கு சந்திரர்களுக்கு 28 மடங்கே போதும். சனியின் வளையத்துக்கு 70 மடங்கு தாராளம்.

விட்டத்துக்கு நிகராக, ஒலக்கூர்வாசிகள் விசேஷமாகக் கவனிக்க வேண்டியது கருவியைத் தாங்கும் பீடம். அவ்வூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 பாகைக்குச் சற்று மேல் இருப்பதால், துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து அவ்வளவே உயர்ந்து, பனைமரங்களுக்குப் பின்னும் புழுதி மூட்டத்திலும் மறைந்துவிடுகிறது. அதை நோக்கி அச்சைச் சாய்த்துச் சுழலும் பீடங்களில் மலிவானவற்றை இவ்வளவு தாழச் சாய்த்தால், எதிர் எடை தொங்கும் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். ஆகையால் மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் திரும்பும் எளிய பீடமே இங்கு உத்தமம். சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்த வேதாந்த சங்கத்தில் துறவியாயிருந்த ஜான் டாப்சன், ஒட்டுப்பலகையாலும் பழங்கண்ணாடியாலும் தொலைநோக்கிகள் சமைத்து, தெருவில் போவோரையெல்லாம் அழைத்து வானத்தைக் காட்டினார். அவர் பெயரால் வழங்கும் பீடம் அத்தகையதே. அதில் 114 மில்லிமீட்டர் ஆடி பொருத்திய சிறு கருவியை உறுதியான ஸ்டூலின்மேல் வைத்துவிடலாம். 70 மில்லிமீட்டர் லென்ஸைவிட இரு மடங்குக்கும் அதிகமான ஒளி கிடைக்கும். ஆடிகளை அவ்வப்போது நேர்ப்படுத்தும் சிரமத்தை இந்தப் பலனுக்காக ஏற்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

ஜவ்வாது மலையில், 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் வேலை தொடங்கி, 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பெற்ற காவலூர் வானாய்வகத்துக்குரிய மேன்மைகளில் ஒன்று, பூமத்திய ரேகைக்கு அருகிலிருந்து தென்வானத்தையும் காணும் வசதி. அந்த வசதி ஏறக்குறைய அதே அட்சரேகையிலுள்ள ஒலக்கூருக்கும் உண்டு. லண்டனில் உதிக்கவே உதிக்காத அகஸ்திய நட்சத்திரம் இங்கே மாசி மாத முன்னிரவில் தெற்கே 25 பாகை உயரத்தில் பிரகாசிக்கிறது. சித்திரை, வைகாசியில் லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் திரண்ட ஒமேகா சென்டாரி கொத்து 30 பாகை உயரம் ஏறுகிறது. தொலைநோக்கிக்குப் பணம் போதாதவர்கள் 10 மடங்கு பெருக்கும் 50 மில்லிமீட்டர் பைனாகுலர் வாங்கினாலும், அந்தக் கொத்து பஞ்சுருண்டைபோல் தெளிவாகப் புலப்படும்.

எந்தக் கருவியாயினும் சூரியன் பக்கம் திருப்பலாகாது. கண்ணருகே பொருத்தும்படி பெட்டியில் கறுப்புக் கண்ணாடி ஒன்று சேர்த்துக் கொடுத்திருந்தால், வெப்பத்தில் அது பிளந்து பார்வையைப் பறிக்கக்கூடுமாதலால், குழந்தைகள் கைக்கு எட்டுமுன் அதை எடுத்து எறிந்துவிட வேண்டும்.