நாய் உணவு டப்பா: தண்ணீரைக் கழித்துச் சத்தைப் பாருங்கள்

(வானொலியில் ஒலிபரப்பான கால்நடை மருத்துவர் உரை)



கால்நடை என்றாலே மாடு, ஆடு, கோழி என்றுதான் பேசுகிறோம். ஆட்டுக் கிடையையும் களத்து மேட்டையும் காவல் காக்கிற நாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்றைக்கு அதன் தீனியைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம்.

ஒரு விவசாயி நாலு மாதச் சிப்பிப்பாறைக் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். முன்னங்கால் இரண்டும் வில்லாய் வளைந்திருந்தன. கீழே விட்டால் குட்டி நிற்கவில்லை, உட்கார்ந்துகொண்டது. “ஒரு குறையும் வைக்கலீங்க. பட்டணத்திலிருந்து பையன் கறி டப்பா வாங்கி அனுப்பறான். ரெண்டு மாசமா அதுதான் சாப்பாடு” என்றார். டப்பாவை வாங்கிப் பார்த்தேன். அது முழு உணவே அல்ல என்று அதிலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. வெறும் கறியில் பாஸ்பரஸ் உண்டு, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. வளர்கிற குட்டிக்கு அதையே கொடுத்தால் ரத்தம் தனக்கு வேண்டிய சுண்ணாம்பை எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். எலும்பு வலுவிழந்து வளைந்துவிடும். தீனியை மாற்றியபின் குட்டி நடந்தது. ஆனால் கால் முழுக்க நேராகவில்லை.

ஆகவே டப்பா வாங்குமுன் லேபிளைப் படிக்க வேண்டும். அது பெரும்பாலும் இங்கிலீஷில்தான் இருக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

முதலில் தேட வேண்டிய சொல்

‘கம்ப்ளீட்’ என்றோ ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ என்றோ இருந்தால் அது முழு உணவு. ‘காம்ப்ளிமென்டரி’ என்றோ ‘சப்ளிமென்டல்’ என்றோ இருந்தால் அது தொடுகறி மாதிரி. வேறு சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம், அதை மட்டுமே கொடுத்து வளர்க்கக் கூடாது. முழு உணவிலும் எந்த வயதுக்கு என்று பாருங்கள். குட்டிக்கும் சினை நாய்க்கும் ‘குரோத்’ அல்லது ‘ஆல் லைஃப் ஸ்டேஜஸ்’ என்று போட்டிருக்க வேண்டும். ‘அடல்ட்’ என்று போட்டது வளர்ந்த நாய்க்கு மட்டும்.

தண்ணீரைக் கழியுங்கள்

டப்பாவில் புரதம் 8 சதம் என்று இருக்கும். பக்கத்தில் இருக்கிற உலர் தீவனப் பையில் 22 சதம் என்று இருக்கும். எது உசத்தி? பையைத்தான் காட்டுவீர்கள். அவசரப்பட வேண்டாம்.

ஒரு கட்டுப் பசும்புல்லையும் ஒரு கட்டு வைக்கோலையும் எடையை மட்டும் பார்த்து நீங்கள் ஒப்பிடுவீர்களா? மாட்டீர்கள். புல்லில் சுமார் 80 சதம் தண்ணீர், வைக்கோலில் 10 சதம்தான். இங்கேயும் அதே கணக்குத்தான். லேபிளில் ‘மாய்ஸ்சர்’ என்பது ஈரப்பதம். அதை நூறிலிருந்து கழித்தால் உலர் பொருள் கிடைக்கும். புரத எண்ணை உலர் பொருளால் வகுத்து நூறால் பெருக்குங்கள்.

டப்பாவில் ஈரம் 80 என்றால் உலர் பொருள் 20. புரதம் 8. அப்படியானால் உலர் கணக்கில் 40 சதம். பையில் ஈரம் 10, உலர் பொருள் 90, புரதம் 22. உலர் கணக்கில் 24 சதம்தான். இப்போது டப்பாதான் உசத்தியாகத் தெரிகிறது.

அமெரிக்கத் தீவன அதிகாரிகள் சங்கத்தின் அளவுப்படி, உலர் கணக்கில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதம் புரதமும் 5.5 சதம் கொழுப்பும் வேண்டும். குட்டிக்குப் புரதம் 22.5, கொழுப்பு 8.5. கொழுப்புக்கும் இதே மாதிரிதான் கணக்குப் போட வேண்டும்.

சேர்மானப் பட்டியல்

எடை எது அதிகமோ அதை முதலில் எழுதுவார்கள். ஆனால் பச்சைக் கறியில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். அதனால் கறி முதலில் இருப்பதை வைத்தே மயங்கிவிடாதீர்கள். அரிசி, அரிசி மாவு, தவிடு என்று பிரித்துப் பிரித்து எழுதியிருந்தால் மூன்றையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ‘பை-புராடக்ட்’ என்றால் ஈரல், நுரையீரல், மண்ணீரல் போன்றவை. மனிதர் ஒதுக்கினாலும் நாய்க்கு நல்ல தீனிதான். ‘குவார் கம்’ என்பது கொத்தவரை விதைப் பிசின். குழம்பைக் கெட்டியாக்கச் சேர்ப்பது. கெடுதல் இல்லை. ஆனால் கெட்டியாக இருப்பதெல்லாம் கறி என்று நினைக்க வேண்டாம்.

டப்பாவின் பெயரிலும் சூட்சுமம் உண்டு. அமெரிக்க விதிமுறைப்படி வெறும் ‘சிக்கன்’ என்று பெயர் வைத்தால், சேர்த்த தண்ணீர் போக 95 சதம் கோழி இருக்க வேண்டும். ‘சிக்கன் டின்னர்’ என்றால் 25 சதம் போதும். ‘வித் சிக்கன்’ என்றால் 3 சதம். ‘சிக்கன் ஃப்ளேவர்’ என்றால் ருசி தெரிந்தால் சரி.

புரத எண்ணை மட்டும் நம்பலாமா?

முழுக்க நம்ப முடியாது. சோதனைச்சாலையில் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை அளந்து, 6.25-ஆல் பெருக்கித்தான் புரதம் என்று எழுதுகிறார்கள். தீவனத்தில் யூரியாவைக் கலந்தாலும் அந்த எண் ஏறும் என்பது உங்களுக்கே தெரியும். யூரியாவில் தழைச்சத்து 46 சதம். மெலமைன் என்ற ரசாயனத்தில் 66 சதம். 2007-ல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன கோதுமைப் புரத மாவில் இந்த மெலமைனைக் கலந்துவிட்டார்கள். அந்த மாவு சேர்ந்த உணவைத் தின்ற நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. 6 கோடிக்கு மேற்பட்ட டப்பாக்களையும் பைகளையும் திரும்பப் பெற்றார்கள்.

ஆகவே தயாரித்தவர் முகவரி, தொகுதி எண், தேதி இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். நாய் வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மேல் தண்ணீர் குடித்தாலோ அந்த உணவை நிறுத்துங்கள். டப்பாவை எறியாமல் மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

டப்பாவையும் பாருங்கள்

உப்பியது, ஓரத் தையலில் நசுங்கியது, துருப்பிடித்து ஒழுகுவது இவை வேண்டவே வேண்டாம். உள்ளே விஷக்கிருமி வளர்ந்திருக்கலாம். திறந்தால் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அந்த வேளைக்கே தீரும்படி சின்ன டப்பாவாக வாங்குங்கள்.

வாங்கத்தான் வேண்டுமா?

400 கிராம் டப்பாவில் 80 சதம் ஈரம் என்றால் 320 கிராம் தண்ணீர். மிச்சம் 80 கிராம்தான். 20 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளைக்குச் சுமார் 1,000 கலோரி வேண்டும். இப்படிப்பட்ட டப்பாவில் ஏறக்குறைய 400 கலோரிதான் இருக்கும். தினமும் இரண்டரை டப்பா ஆகும். விலையோடு பெருக்கிப் பாருங்கள், கட்டுப்படியாகுமா என்று தெரிந்துவிடும்.

காய்ச்சலில் தீனி எடுக்காத நாய்க்கும் பல் போன கிழட்டு நாய்க்கும் டப்பா உதவும். காவல் நாய்க்குச் சோற்றோடு வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன், எப்போதாவது கொஞ்சம் ஈரல் கொடுக்கலாம். வெறும் கஞ்சியில் அது காலந்தள்ள முடியாது. வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பை ஊற்றாதீர்கள், ரத்தம் கெடும். வெந்த எலும்பைப் போடாதீர்கள், சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். வீட்டுத் தீனியில் வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள்.

நமக்காக ராத்திரி முழுக்க விழித்திருக்கிற பிராணி அது. வாங்குகிற டப்பாவை ஒரு நிமிஷம் திருப்பிப் பார்த்து வாங்குவோம்.